கயிறு மாற்றிக் கொடுப்பது

தமிழ்ப் புனைகதைகளில் கார் வரும்போதெல்லாம் பெரும்பாலும் அது யாரோ ஒரு பணக்காரனுடைய காராகவே வருகிறது. ஜெயகாந்தனின் ‘அக்கினிப் பிரவேசம்’ 1966இல் வெளிவந்தது. மழையில் நனைந்து நிற்கும் கல்லூரி மாணவியின் அருகே வந்து நிற்கும் அந்தக் காரை, கதையைப் படித்த எவரும் மறந்திருக்க முடியாது. அதற்கு மாதத் தவணை பாக்கி இருக்கிறதா, காப்பீடு எந்தத் தேதியோடு முடிகிறது என்றெல்லாம் அங்கே யாரும் கேட்கப்போவதில்லை; கேட்டால் கதை கெட்டுவிடும். ஆனால் அதற்குப் பிந்தைய அறுபது ஆண்டுகளில் கார் என்ற பொருள் ஜமீன்தார் வீட்டிலிருந்தும் மில் முதலாளி வீட்டிலிருந்தும் இறங்கி, எங்கள் தெருவில் உள்ள தையற்கடைக்காரர் வீட்டு வாசல்வரை வந்து நின்றுவிட்டது. மாதம் ஏழாம் தேதி வங்கிக் கணக்கில் பணம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கும் கார்க்காரன் மட்டும் நம் எழுத்துக்குள் இன்னும் சரியாக வந்து சேரவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. அப்படிப்பட்ட ஒருவனாகப் பல ஆண்டுகள் இருந்தவன், பிறகு கார் இல்லாத கார்க்காரனாகவும் ஆனவன் என்ற இரண்டு தகுதிகளின் பேரில் இதை எழுதுகிறேன்.

2009இல் வாங்கிய ஆல்டோவை 2021 செப்டம்பரில் விற்றேன். ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியனுக்குக் கார் ஒரு செலவு என்பது மகனின் கட்சி. வாரத்துக்கொரு முறை கடைவீதிக்கும், மாதத்துக்கொரு முறை மதுரை மருத்துவமனைக்கும் போய்வர அது எதற்கு என்று கேட்டான். எனக்கும் கண் மங்கத் தொடங்கியிருந்தது. புறவழிச்சாலைப் பக்கம் பழைய கார்களை வாங்கி விற்கும் ஒருவர் வீட்டுக்கே வந்தார். காரைச் சுற்றி வந்தார், பானெட்டைத் திறந்து மூடினார், விலை சொன்னார். பேசி முடித்த பிறகு பையிலிருந்து இரண்டு படிவங்களை எடுத்தார். ஒன்று 29, மற்றது 30. இரண்டும் வெற்றுத் தாள்கள். வாங்குபவர் பெயர் எழுத வேண்டிய இடமும் தேதிக்குரிய இடமும் காலியாகவே இருந்தன.

“சார், ஆர்.டி.ஓ. ஆபீசு பக்கமெல்லாம் நீங்க எதுக்கு அலையணும்? இந்த ரெண்டு பாரத்துலயும் கையெழுத்து மட்டும் போட்டுக் குடுத்துருங்க. பேரு மாத்துறத நான் பாத்துக்கிறேன்.”

முப்பத்து நான்கு ஆண்டுகள் மாணவர்களின் விடைத்தாளில் தேதி இல்லையென்றால் திருப்பிக் கொடுத்தவன் நான். அன்று மறுபேச்சின்றிக் கையெழுத்திட்டேன். சாவியையும் ஆர்.சி. புத்தகத்தையும் கொடுத்தேன். கார் தெருமுனை திரும்பும்வரை வாசலில் நின்று பார்த்தேன். விற்பனை முடிந்துவிட்டது என்றே நம்பினேன்.

ஏன் அப்படி நம்பினேன் என்பதைப் பிற்பாடு நிறைய யோசித்திருக்கிறேன். என் தகப்பனார் உழவு மாடு வாங்கவும் விற்கவும் சந்தைக்குப் போகும்போது சிறுவனாக நானும் கூடப் போனதுண்டு. தரகர் மாட்டின் வாயைப் பிளந்து பல் பார்ப்பார், சுழி பார்ப்பார், நடக்கவிட்டுப் பார்ப்பார். பிறகு துண்டைப் போட்டு மூடிக்கொண்டு விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். படிந்தால் பணம் ஒரு கைக்கும் கயிறு மறு கைக்கும் போகும். அத்தோடு சரி. மறுநாள் அந்த மாடு யாரை முட்டினாலும் எந்தக் கொல்லையில் மேய்ந்தாலும் கயிறு பிடித்தவன் பாடு. பழைய கார் வியாபாரம் நம் ஊர்ப்பக்கம் இந்தச் சந்தையிலிருந்துதான் தன் ஒழுக்கத்தையும் மொழியையும் எடுத்துக்கொண்டிருக்கிறது. பல்லுக்குப் பதில் கிலோமீட்டர் எண்ணும் மானி. சுழிக்குப் பதில் எத்தனையாவது ஓனர் என்ற கேள்வி. தரகர் இருபுறமும் கமிஷன் வாங்குவதில்கூட மாற்றமில்லை. கயிற்றின் இடத்தில் சாவி.

ஆனால் சட்டம் காரை மாடாகப் பார்க்கவில்லை, நிலமாகப் பார்க்கிறது. இந்த ஒரு வேறுபாட்டைப் புரிந்துகொள்ளாததால் விளையும் துன்பமே என் கட்டுரையின் பொருள். அரை சென்ட் நிலமென்றாலும் நாம் என்னென்ன செய்கிறோம்! மூலப்பத்திரம் கேட்கிறோம், முப்பது வருடத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்க்கிறோம், சார்பதிவாளர் முன்னால் விரல்ரேகை வைக்கிறோம், பட்டா மாறும்வரை வி.ஏ.ஓ. வீட்டுக்கு நடக்கிறோம். பெயரும் தேதியும் இல்லாத வெற்றுக் கிரயப் பத்திரத்தில் கையெழுத்திட்டுத் தரகரிடம் கொடுக்கச் சொன்னால் செருப்பைக் கழற்றுவோம். அதே நாம் மூன்று லட்ச ரூபாய்க் காரை, ஆளைக் கொல்லக்கூடிய ஓர் இயந்திரத்தை, அப்படித்தான் கொடுக்கிறோம்.

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 50ஆவது பிரிவு இதைத் தெளிவாகவே சொல்கிறது. மாநிலத்துக்குள் பதிவான வண்டியை விற்றவர் 14 நாட்களுக்குள் பதிவு அலுவலகத்துக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். வாங்கியவர் 30 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும். விற்றவர் கொடுக்கும் அறிவிப்புக்குத்தான் 29ஆம் படிவம். அதாவது அது நான் அரசுக்கு எழுத வேண்டிய கடிதம். என் கடிதத்தை, முகவரி எழுதாமல், தேதியிடாமல், தரகரின் பையில் போட்டுவிட்டு, போய்ச் சேர்ந்திருக்கும் என்று நம்பியிருந்தேன்.

முதல் சமிக்ஞை சுங்கச்சாவடியிலிருந்து வந்தது. 2021 பிப்ரவரியிலிருந்து பாஸ்டேக் வில்லை கட்டாயமாக்கப்பட்டிருந்ததால் நானும் முன்கண்ணாடியில் ஒன்று ஒட்டியிருந்தேன். அது என் சேமிப்புக் கணக்கோடு இணைக்கப்பட்டிருந்தது என்பதைக் காரை விற்கும்போது அடியோடு மறந்துபோனேன். விற்று ஒன்பதாம் நாள் கைபேசியில் ஒரு செய்தி: கொடைரோடு சுங்கச்சாவடியில் இவ்வளவு பிடிக்கப்பட்டது. அடுத்த வாரம் வேலன்செட்டியூர். பிறகு கப்பலூர். கோபப்படுவதற்குப் பதில் எனக்கு ஒருவிதப் பரிவு உண்டானதை மறைக்க விரும்பவில்லை. பன்னிரண்டு வருடம் உடன் இருந்த வண்டி எங்கெங்கோ போய்வருவதைச் சொல்லிக்கொண்டிருக்கிறது என்று மனைவியிடம் சிரித்தேன். “உங்க காசுலதான் போகுது” என்றாள். மகன் வந்துதான் வங்கிக்குச் சொல்லி அந்த வில்லையை முடக்கினான். செய்திகள் நின்றன. பெயர் மாறியிருந்தால் வாங்கியவர் புதிய வில்லை வாங்கியிருப்பாரே என்ற எளிய கேள்வி அன்று எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை.

2023 ஆவணி மாதத்தில் ஒரு நாள் வேடசந்தூர்ப் பக்கத்துக் காவல் நிலையத்திலிருந்து தொலைபேசி. “உங்க வண்டிதானே சார் இது?” என்று எண்ணைப் படித்தார்கள். எக்ஸெல் வண்டியில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த நூற்பாலைப் பெண் ஒருவரைக் கார் இடித்துவிட்டிருந்தது. வலது தொடை எலும்பு முறிவு. ஓட்டியவர் யாரென்று எனக்குத் தெரியாது. காருக்குக் காப்பீடு இல்லை. நான் விற்றபோது மீதமிருந்த ஏழு மாதம் முடிந்த பிறகு யாரும் புதுப்பிக்கவில்லை. சில மாதங்கள் கழித்து விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்திலிருந்து அறிவிப்பு வந்தது. அதில் என் பெயர், தகப்பனார் பெயர், கதவு எண் எல்லாம் பிழையின்றி இருந்தன. எதிர்மனுதாரர், வாகன உரிமையாளர்.

நான் முதலில் செய்தது தரகரைத் தேடிப் போனது. அவர் மறுக்கவில்லை, அதுதான் வியப்பு. “ஆமா சார், அத நான் அன்னைக்கே ஒட்டன்சத்திரத்துல ஒரு பார்ட்டிக்குக் கைமாத்திட்டேனே” என்றார். ஒட்டன்சத்திரத்துக்காரர் காய்கறிக் கமிஷன் கடை வைத்திருந்த ஒருவருக்கு விற்றிருந்தார். அவர் தன் உறவினருக்குக் கொடுத்திருந்தார். நான்கு கைகள். நால்வரிடமும் என் கையெழுத்திட்ட அதே இரண்டு படிவங்களின் நகல் இருந்தது. பெயருக்கான இடம் கடைசிவரை காலியாகவே இருந்தது. கோயில் உண்டியலில் கிழிந்த நோட்டு சுற்றி வருவதுபோல என் கையெழுத்து மாவட்டத்தைச் சுற்றி வந்திருக்கிறது.

தீர்ப்பாயத்தின் தாழ்வாரத்தில்தான் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். நாற்பது வயதிருக்கும். ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பள்ளிச் சீருடையில் ஒரு பெண் குழந்தை. அதுவரை சட்டத்தின்மீது எனக்கு இருந்த கோபம் அங்கே கொஞ்சம் நிலை தடுமாறியது. நான் விற்றுவிட்டேன் என்பது உண்மை. ஆனால் அந்த உண்மை அவருக்கு எந்த விதத்தில் உதவும்? அவருக்குத் தெரிந்ததெல்லாம் எண் பலகை ஒன்றுதான். அந்த எண்ணுக்குப் பின்னால் யார் என்று அவர் கேட்டால், அரசின் பதிவேடு ஒரு பெயரைச் சொல்ல வேண்டும். ‘அவர் இவருக்குக் கொடுத்தார், இவர் அவருக்குக் கொடுத்தார்’ என்ற வம்சாவளியைத் தேடி ஒட்டன்சத்திரத்துக்கும் பழனிக்கும் ஊன்றுகோலோடு அலைய வேண்டியவர் அவரா, வெற்றுத் தாளில் கையெழுத்திட்ட நானா?

உச்ச நீதிமன்றம் இந்தக் கேள்விக்கு 2018 பிப்ரவரியில் பதில் சொல்லியிருக்கிறது. இதே போன்ற வழக்கு. ஒருவர் தன் காரை 2007இல் விற்றார். வாங்கியவர் இன்னொருவருக்கு, அவர் வேறொருவருக்கு எனச் சங்கிலி நீண்டது. 2009இல் விபத்து, ஒரு மரணம். பதிவேட்டில் இருந்ததோ முதலாமவர் பெயர். அவருக்குப் பொறுப்பில்லை என்று உயர் நீதிமன்றம் சொன்னது. உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. சட்டத்தின் 2(30) பிரிவுப்படி பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர். பதிவாகாத விற்பனைகளின் தடத்தைப் பின்தொடரும் சுமையைப் பாதிக்கப்பட்டவர்மீது ஏற்றலாகாது என்பது அதன் சாரம். என் வழக்கறிஞர் இந்தத் தீர்ப்பை எனக்குப் படித்துக்காட்டியபோது, அதில் என்னை எதிர்த்து வாதாட ஓர் ஓட்டையேனும் கிடைக்காதா என்று கேட்டேன். அவர் இளைஞர். “ஐயா, இது சரியான தீர்ப்பு” என்று மட்டும் சொன்னார். மற்ற நால்வரையும் வழக்கில் சேர்க்க மனுப் போட்டிருக்கிறோம். வழக்கு இன்னும் நடக்கிறது.

பெயர் மாற்றாமல் கைமாற்றும் இந்தப் பழக்கத்துக்குச் சோம்பல் ஒன்றே காரணம் என்று நான் எண்ணியிருந்தேன். அது தவறு. இதில் தெளிவான ஒரு கணக்கு இருக்கிறது. ஒவ்வொரு பெயர் மாற்றமும் ஆர்.சி.யில் உரிமையாளர் வரிசை எண்ணை ஒன்று கூட்டும். முதல் ஓனர் வண்டிக்கு ஒரு விலை, மூன்றாம் ஓனர் வண்டிக்கு ஒரு விலை. இரண்டு வாரம் வைத்திருந்து விற்கப்போகும் வியாபாரி தன் பெயருக்கு மாற்றினால் அவன் கையாலேயே அவன் சரக்கின் விலையைக் குறைத்துக்கொள்கிறான். எனவே வெற்றுப் படிவம் அவனுக்குச் சோம்பலன்று, முதலீடு. பெயர் மாற்றத்துக்கு அரசு வாங்கும் அடிப்படைக் கட்டணம் ஒரு நல்ல உணவகத்தில் இருவர் பிரியாணி சாப்பிடும் செலவுதான். அதை மிச்சம் பிடிக்க யாரும் இதைச் செய்வதில்லை. (திண்டுக்கல்லைப் பற்றி எழுதும்போது பூட்டையும் பிரியாணியையும் தொடுவதில்லை என்ற தீர்மானத்தோடு தொடங்கினேன். பூட்டை மட்டும் இன்னும் தொடவில்லை.)

பணத்துக்கு வெளியேயும் இதில் ஆபத்து உண்டு. 2022 அக்டோபர் 23 அதிகாலையில் கோவை கோட்டைமேட்டில் கோயில் முன்பு வெடித்தது ஒரு பழைய மாருதி 800. அது பல கைகள் மாறி வந்த கார் என்பதைப் புலனாய்வின் முதல் நாட்களிலேயே செய்தித்தாள்கள் எழுதின. காவல்துறை முன்னாள் உரிமையாளர்களை ஒவ்வொருவராகத் தேடிப் போக வேண்டியிருந்தது. 2025 நவம்பர் 10 அன்று தில்லி செங்கோட்டை அருகே கார் வெடித்தபோதும் அதே கதை. பதிவிலிருந்த பழைய உரிமையாளரின் வாசலுக்குத்தான் விசாரணை முதலில் போனது. அந்த மனிதர்கள் அன்றிரவு எப்படித் தூங்கியிருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன். அதை நினைத்தால் என் வழக்கு சிறியது.

சி.சு.செல்லப்பாவின் ‘வாடிவாசல்’ என்னும் குறுநாவலில் அந்தக் காரிக் காளை ஜமீன்தாருடையது என்பது அங்கே கூடி நிற்கும் அத்தனை பேருக்கும் தெரியும். காளை குத்தினாலும் பிடிபட்டாலும் அதன் பெருமையும் சிறுமையும் ஓர் ஆளைச் சேரும். எங்கள் மாவட்டத்து வத்தலக்குண்டில் வாழ்ந்த எழுத்தாளர், புத்தக மூட்டையைத் தானே தூக்கிக்கொண்டு கல்லூரி கல்லூரியாக அலைந்து விற்ற மனிதர், கார் வாங்குவது விற்பது பற்றி எதுவும் சொல்லிச் செல்லவில்லை. ஆனாலும் மாட்டுச் சந்தை ஒழுக்கத்தை நான் மேலே குறை சொன்னது முழுக்க நியாயமில்லை என்பதை அந்தக் கதை நினைவூட்டுகிறது. கிராமத்தில் மாட்டின் உரிமையாளரை ஊரே அறிந்திருந்தது, பதிவேடு தேவைப்படவில்லை. தேசிய நெடுஞ்சாலை 44இல் மணிக்கு நூறு கிலோமீட்டரில் கடந்துபோகும் வெள்ளைக் காரை யார் அறிவார்?

கடன் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். என் காரின் ஆர்.சி.யில் கடன் கொடுத்த நிறுவனத்தின் பெயர் ‘ஹெச்.பி.’ என்ற குறிப்போடு இருந்தது. கடைசித் தவணையை 2014இலேயே கட்டிவிட்டேன். நிறுவனத்திலிருந்து தடையில்லாச் சான்றும் 35ஆம் படிவமும் வாங்கிப்போய் அந்தக் குறிப்பை நீக்க வேண்டும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஏழு ஆண்டுகள் கழித்து, கட்டி முடித்த கடனுக்காகத் தரகர் விலையில் எட்டாயிரம் குறைத்தார். இன்று நிலைமை சற்றுத் தேவலை. தனிநபர் கடன் முழுவதும் அடைந்த 30 நாட்களுக்குள் ஆவணங்களைத் திருப்பித் தந்து, பதிவேட்டில் உள்ள அடமானக் குறிப்பையும் நீக்க வேண்டும். நிறுவனத்தின் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023 செப்டம்பரில் ஆணையிட்டது. அந்த ஆண்டு டிசம்பர் முதல் அது நடைமுறையில் இருக்கிறது. இதை ஒரு தாளில் எழுதிக் கடைசித் தவணை கட்டப் போகும்போது கையில் வைத்துக்கொள்வது நல்லது.

பழைய கார் வாங்கக் கடன் எடுப்பவர்கள் ‘பிளாட் வட்டி’ என்ற சொல்லைக் கேட்டால் நிமிர்ந்து உட்கார வேண்டும். நான்கு லட்சம் ரூபாய், ஐந்து வருடம், எட்டு சதவிகிதம் பிளாட் என்பார்கள். வருடத்துக்கு 32,000, ஐந்து வருடத்துக்கு 1,60,000; ஆக மொத்தம் 5,60,000; அறுபதால் வகுத்தால் மாதம் 9,333. கேட்கச் சுலபமாக இருக்கிறது. ஆனால் நீங்கள் மாதாமாதம் அசலைத் திருப்பிக்கொண்டே வருகிறீர்கள். வட்டி மட்டும் கடைசி மாதம்வரை முழு நான்கு லட்சத்துக்குக் கணக்காகிறது. குறையும் அசலுக்கு வட்டி போடும் முறையில் பார்த்தால் இது ஏறத்தாழ 14 சதவிகிதம். எட்டுக்கும் பதினான்குக்கும் இடையே உள்ள தூரத்தை ஒரு சொல் மறைத்துவிடுகிறது. தமிழாசிரியனாக எனக்கு இதில் ஒரு தனி வருத்தம்: ‘பிளாட்’ என்ற சொல்லை நாம் மொழிபெயர்க்காமல் விட்டதால்தான் அது இத்தனை பேரை ஏமாற்றுகிறதோ என்று.

வாங்குகிறவர்கள் இதையெல்லாம் விற்பவரின் தலைவலி என்று நினைக்க வேண்டாம். காப்பீடு பழைய பெயரிலேயே இருக்கும்போது உங்கள் கார் சேதமானால், இழப்பீடு கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறதா என்ற கேள்வி எழும். மூன்றாம் நபருக்கான காப்பீடு வண்டியோடு தானாக மாறும். வண்டியின் சொந்தச் சேதத்துக்கான காப்பீடு அப்படி மாறாது, நிறுவனத்தோடு புதிதாக உடன்பாடு வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1995லேயே சொல்லிவிட்டது. வாங்கிய 14 நாட்களுக்குள் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத வேண்டும். விபத்தில்லாமல் ஓட்டியதற்கான கழிவுச் சலுகை இருக்கிறதே, அது காருக்கு உரியதன்று, ஆளுக்கு உரியது. விற்பவர் அதற்கான சான்றை வாங்கி வைத்துக்கொண்டால் அடுத்த காருக்குப் பயன்படும். இதையும் நான் செய்யவில்லை என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

வண்டியைச் சோதிப்பது எப்படி என்று கேட்பவர்களுக்கு எங்கள் பேகம்பூர் மெக்கானிக் பாய் சொல்லும் வழி ஒன்று உண்டு. நான்கு பேரை ஏற்றி, ஏ.சி.யைப் போட்டு, சிறுமலைக்கு ஓட்டிப் பார்க்க வேண்டும். அந்தப் பாதையில் பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவுகள். “சமவெளியில எல்லா வண்டியும் நல்ல வண்டிதான் வாத்தியாரே” என்பார். ஏறும்போது எஞ்சினும் கிளட்சும் தம் கதையைச் சொல்லிவிடும். இறங்கும்போது பிரேக் சொல்லும். பிறகு முன்இருக்கையின் தண்டவாளத்துக்கடியில் விரலை விட்டு வண்டல் ஒட்டுகிறதா என்று பார்ப்பார், தரைவிரிப்பைத் தூக்கி முகர்ந்து பார்ப்பார். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னையில் மூழ்கிய கார்களுக்கெல்லாம் என்ன ஆயிற்று என்று நினைக்கிறீர்கள் என்று கேட்பார். ஆனால் இவ்வளவு நுட்பமாக இரும்பைச் சோதிக்கும் அவரும் காகிதத்தைப் பற்றி ஒரு சொல் சொன்னதில்லை. கேட்டபோது, “அது ஆபீஸ் வேலை, நம்ம வேலை இல்ல” என்றார். எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறோம்.

அரசு எதுவும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. 2022 டிசம்பரில் மத்திய மோட்டார் வாகன விதிகளைத் திருத்தி, பழைய வண்டி வியாபாரிகள் பதிவு அலுவலகத்தில் அங்கீகாரச் சான்று பெற வேண்டும் என்றார்கள். 2023 ஏப்ரல் 1 முதல் அது அமலில் இருக்கிறது. அங்கீகாரம் பெற்ற வியாபாரியிடம் நீங்கள் வண்டியை ஒப்படைத்து, அதை 29சி படிவத்தில் இணையவழி தெரிவித்துவிட்டால், அந்த நிமிடத்திலிருந்து அவரே உரிமையாளராகக் கருதப்படுவார். அவர் கையிலிருக்கும் நாட்களில் வண்டி எங்கே போய்வந்தது என்பதற்கும் அவர் பதிவேடு வைக்க வேண்டும். என்னைப் போன்றவர்களுக்காகவே எழுதப்பட்டது போன்ற விதி. எனக்கு ஒன்றரை வருடம் தாமதமாக வந்தது. ஆர்வ மிகுதியால் புறவழிச்சாலையில் மூன்று வியாபாரிகளிடம் போய் விசாரித்தேன். ஒருவர் அப்படியொரு படிவத்தைக் கேள்விப்பட்டதே இல்லை என்றார். ஒருவர் சிரித்தார். மூன்றாமவர், “பெரிய கம்பெனிக்காரங்களுக்குத்தான் சார் அதெல்லாம்” என்றார். ஒரு மரத்தடி, பத்துக் கார், ஒரு பிளாஸ்டிக் நாற்காலி என்று நடக்கும் வியாபாரத்தை அந்த விதி இன்னும் வந்து தொடவில்லை. நம் பக்கத்துக் கார்களில் பெரும்பகுதி அந்த மரத்தடிகளில்தான் கைமாறுகிறது என்பது என் கணிப்பு.

விதியை எழுதியவர்கள்மீது எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. உரிமையாளர் வரிசை எண் விலையைத் தீர்மானிக்கும்வரை எந்த வியாபாரியும் தானாக முன்வந்து பெயர் மாற்ற மாட்டான். அங்கீகாரம் பெற்ற வியாபாரியிடம் வண்டி இருக்கும் காலம் உரிமையாளர் எண்ணிக்கையில் சேராது என்ற செய்தியை ஒவ்வொரு பதிவு அலுவலகத்தின் வாசலிலும் கொட்டை எழுத்தில் எழுதி வைத்தால் பாதி மரத்தடிகள் தாமே அங்கீகாரம் கேட்டு வரும். மிரட்டிச் சாதிக்க முடியாததை ஆதாயம் காட்டிச் சாதிக்கலாம். இதை நான் ஓர் அதிகாரியிடம் சொன்னபோது அவர் பணிவாகக் கேட்டுக்கொண்டு, என் வழக்கு என்ன ஆயிற்று என்று விசாரித்தார்.

சென்ற மாதம் தங்கை மகன் தன் காரை விற்றான். 2025 செப்டம்பரில் சிறிய கார்களுக்கான ஜி.எஸ்.டி. 18 சதவிகிதமாகக் குறைந்த பிறகு பழைய கார்களுக்குக் கிராக்கி குறைந்துவிட்டதாம். வந்த விலைக்குத் தள்ளிவிடும் அவசரத்தில் இருந்தான். வாங்க வந்தவர் நத்தம் பக்கத்து மாந்தோப்புக்காரர், தரகர் இல்லாமல் நேரே வந்திருந்தார். அவரும் சட்டைப்பையிலிருந்து அதே இரண்டு படிவங்களை எடுத்தார். பையன் பேனாவைத் திறந்துவிட்டான். நான் நடுவில் புகுந்து, இருவரும் நாளைக் காலை பத்து மணிக்கு ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு வாருங்கள், நானும் வருகிறேன், அதுவரை பத்தாயிரம் ரூபாய் உங்களிடமே இருக்கட்டும் என்றேன். மாந்தோப்புக்காரருக்கு முகம் சுருங்கிவிட்டது. “என்னைய நம்பலையா பெரியவரே?” என்று கேட்டார். நம்பிக்கையைப் பற்றி அவருக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே போய்த் தீர்ப்பாய அறிவிப்பின் நகலை எடுத்துவந்து கொடுத்தேன். திண்ணையில் உட்கார்ந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் பக்கத்தை நிதானமாகப் படித்தார். என் பெயர் வந்த இடத்தில் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

“நாளைக்கு வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு மேல ராகுகாலம். ஒம்பதே முக்காலுக்கே வந்துருவமா?” என்றார்.